ஆமை புகுந்த வீடு

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் ஹவுள் ஓரத்தில் அமர்ந்திருந்தேன். என்னிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர் தம் பத்து வயது மகனுடன் வந்து ஸலாம் உரைத்தார். போடிநாயக்கனூருக்கு மேற்கே, குரங்கணிக்கும் மேலேயுள்ள ஏலத் தோட்டம் ஒன்றில் மேற்பார்வை பார்ப்பவர் அவர்; குடும்பத்துடன் தோட்டத்து வீட்டிலேயே தங்கியிருப்பவர். மகன் கையில் செருப்புக் கடை அட்டைப் பெட்டி ஒன்று. அதைத் திறந்தான். உள்ளே, என் உள்ளங்கை அளவில் ஓர் ஆமை. கரிய ஓட்டின் ஒவ்வொரு செதிலிலும் நடுவிலிருந்து மஞ்சள் கோடுகள் விண்மீன்போல் விரிந்திருந்தன.

“ஹஜ்ரத், இதை நோய் நொடியில்லாம வீட்டுக்குள்ளேயே எப்படி வளர்க்கிறது? நீங்க பழைய கிதாபெல்லாம் பார்த்தவங்க. ரெண்டு வாரமா சரியாத் தின்ன மாட்டேங்குது. பையன் ராத்திரியில தூங்குறதில்ல” என்றார்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விதான். ஆயினும் அதற்குள் இன்னொரு கேள்வி பொதிந்திருந்ததை அன்று இரவு உணர்ந்தேன். ஓர் உயிரின்மீது நாம் அன்பு கொண்டுவிட்டோம் என்பது, அதை நம் கைக்குள் வைத்துக்கொள்ளும் உரிமையை நமக்கு அளிக்குமா? அன்பர்கள் இதைச் சிறுபிள்ளை விவகாரம் என்று தள்ளிவிடாமல் சற்று என்னுடன் வர வேண்டுகிறேன்.

செய்தி எப்படியோ பையனின் பாட்டியாரை எட்டியிருந்தது. ‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்ற பழமொழியைச் சொல்லி, அந்தப் பீடையை உடனே வெளியே எறியச் சொன்னாராம் அந்த அம்மையார். ஓர் ஆமையினால் வீடு கெடும் என்பதை நாம் ஏற்பதற்கில்லை. சகுனம் பார்த்தலை நம் மார்க்கம் விலக்கியிருக்கிறது. ஆனால் அப்பழமொழியில் வரும் அமீனா என்ற சொல் என்னை நிறுத்தி வைத்தது. நீதிமன்றத்தின் ஜப்தி ஆணையைக் கொண்டுவரும் சேவகரை நாம் அமீனா என்கிறோம். அரபியில் அமீன் என்றால் நம்பிக்கைக்குரியவர். பிறர் பொருளைக் காத்து உரியவரிடம் சேர்ப்பவர். அமானிதம் என்று நம் வீடுகளில் அன்றாடம் வழங்கும் சொல்லும் இதே வேரில் கிளைத்ததே. ஆமை வந்த வீட்டுக்கு அமானிதம் ஒன்று வந்திருக்கிறது என்று பாட்டியாருக்கு மாற்றிச் சொல்லலாம் என எண்ணிக்கொண்டேன்.

இனி அந்த ஆமையின் கதைக்கு வருவோம். சந்தையில் பழக்கமான ஒருவர் எங்கிருந்தோ கொண்டுவந்ததை ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார் மாணவர். பிள்ளை ஆசைப்பட்டான், வாங்கிவிட்டார். மலையில் குளிர் அதிகம் என்பதால், ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரின் வெளிச்சுவரை ஒட்டிப் பெட்டியை வைத்திருக்கிறார்கள். சுவர் எப்போதும் சூடாக இருக்கும். ஆமைக்குக் கதகதப்பாக இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். சோறு, பாலில் நனைத்த ரொட்டி, கேரட், பசலைக் கீரை என்று தங்களால் இயன்றதையெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். அன்பில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் மூக்கில் நீர்க்குமிழி தெரிந்தது, கண்ணிமை வீங்கியிருந்தது, விரலால் மெல்ல அழுத்தியபோது ஓட்டின் விளிம்பு இலேசாக நெளிந்தது. ஓடு நெளியலாகாது.

கால்நடை மருத்துவர் ஒருவரிடம் அவர்களை அழைத்துச் சென்றேன். அவர் விளக்கியவற்றோடு பின்னர் நான் படித்தறிந்தவற்றையும் சேர்த்து ஈண்டுச் சொல்கிறேன்.

நட்சத்திர ஆமை வறண்ட நிலத்தின் உயிர். தமிழகம், ஆந்திரம், கருநாடகம் ஆகியவற்றின் முட்புதர்க் காடுகளிலும், வடமேற்கே குஜராத், இராஜஸ்தான் பகுதிகளிலும், இலங்கையின் வறண்ட வட்டாரங்களிலும் வாழ்வது. ஆற்றாமை போல் நீரில் நீந்துவதன்று. வெயில் ஏறிய வேளையில் புதரடியில் ஒடுங்கிக் கிடந்து, காலையிலும் மாலையிலும் மேயும். மழை பெய்து புல் துளிர்க்கும் காலம் அதற்குச் சுறுசுறுப்பான காலம். இணை சேர்வதும் அப்போதுதான். ஏலம் விளையும் மலையோ எப்போதும் நிழலும் ஈரமும் குளிரும் நிறைந்தது. போடியிலிருந்து அதிகாலை ஜீப்புகளில் ஏறிச் செல்லும் பெண்களைக் கேளுங்கள்: அடிவாரத்தில் வியர்த்தவர்கள் மேலே போனதும் தலையில் துண்டைக் கட்டிக்கொள்வார்கள். ஒரே மலைச்சரிவில் சில கல் தொலைவுக்குள் இரண்டு உலகங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளுக்கென்று திருவிதாங்கூர் ஆமை என்னும் வேறோர் இனத்தையே படைத்திருக்கிறான் அல்லாஹ். அது வெயில் காட்டுக்கு இறங்குவதில்லை. இது மழைக்காட்டுக்கு ஏறுவதில்லை.

ஸ்டோரின் சுவர் சூடு தருகிறதே, போதாதா என்று மாணவர் கேட்டார். போதாது. ஆமையின் எலும்பும் ஓடும் உறுதிப்பட சுண்ணாம்புச் சத்து வேண்டும். அச்சத்தை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். அதை உண்டாக்குவது வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர். சுவருக்குச் சூடு உண்டே தவிர அந்தக் கதிர் இல்லை. சன்னல் வழியே வரும் வெயில் வெளிச்சத்தைத் தரும். கண்ணாடி அக்கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். பசலையில் சுண்ணாம்புச் சத்து உண்டு; கூடவே அதைக் கட்டிப்போடும் அமிலமும் உண்டு. சோறும் ரொட்டியும் பாலும் அந்தக் குடலுக்கு உரியவையே அல்ல. நார் மிகுந்த புல்லும் இலையுமே அதன் உணவு. முறையற்ற தீனியிலும் சூழலிலும் வளரும் ஆமையின் ஓடு, இயல்பான மேட்டுக்கு மிஞ்சிச் செதிலுக்குச் செதில் கூம்பாகப் புடைத்துக்கொள்ளும். பார்ப்பவர் அழகென்பர், அது உருக்குலைவு. ஈரக் குளிரில் நுரையீரல் நோய் பற்றும். ஆமைக்கு இருமி நமக்கு அறிவிக்கத் தெரியாது. வாய்விட்டு அழவும் தெரியாது. நோய் நம் கண்ணுக்குத் தெரியும்போது அது முற்றியிருக்கும்.

அதன் ஓட்டிலுள்ள விண்மீன்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காய்ந்த புல்லின் நிழலும் வெயிலும் கலந்த தரையில் அந்த மஞ்சள் கோடுகள் ஆமையின் உருவத்தைக் கலைத்து மறைத்துவிடும். பத்தடி தூரத்தில் இருப்பதும் கண்ணில் படாது. அதற்கு அருளப்பட்ட போர்வை அது. அதைச் சிமெண்டுத் தரையில் கொண்டுவந்து வைத்ததும் போர்வையே பகட்டாகிவிடுகிறது. அந்தப் பகட்டுக்கு நாம் விலை கொடுக்கிறோம்.

என் குற்றம் ஒன்றையும் இங்கு மறைக்கலாகாது. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில், நான் சிறுவனாக இருந்தபோது, எங்கள் வீட்டிலும் ஓர் ஆமை இருந்தது. ஆடு மேய்ப்பவர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. சாக்கை விரித்துப் படிக்கட்டின் அடியில் வைத்திருந்தேன். நான் உண்ணும் சோற்றிலிருந்து ஒரு கவளம் அதற்கு. ஏழெட்டு மாதம் இருந்தது. ஒரு நாள் மதரஸாவிலிருந்து வந்து பார்த்தேன். தலையை நீட்டியபடியே கிடந்தது. ஓடு ஊறிய தோல்போல் இருந்தது. “மவுத்தாப் போச்சு, விடு” என்றார் அத்தா. என்ன காரணம் என்று யாரும் கேட்கவில்லை; நானும் கேட்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு இந்தப் பெட்டியைத் திறந்த அன்றுதான் காரணம் தெரிந்தது.

இவற்றையெல்லாம் சரிசெய்துவிட்டால் வளர்க்கலாம் அன்றோ என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்வி. அதற்கு மார்க்கத்திலேயே ஆதாரமும் காட்டுவர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பணியாளரான அனஸ் (ரலி) அவர்களுக்கு அபூ உமைர் என்று தாய்வழித் தம்பி ஒருவர் இருந்தார், சிறு பிள்ளை. அவரிடம் ஒரு சிறு பறவை இருந்தது. அது இறந்தபோது, பெருமானார் அப்பிள்ளையிடம் பறவையைப் பற்றிக் கனிவோடு விசாரித்தார்கள். வீட்டில் பறவை வைத்திருந்ததை அவர்கள் கண்டிக்கவில்லை. ஆகவே, தீனியும் நீரும் குறைவின்றிக் கொடுப்பின் பறவையை வளர்ப்பது ஆகும் என்று ஃபிக்ஹு அறிஞர் பலர் சட்டம் எடுத்தனர். இதை நான் மறுக்கவில்லை. மறுக்க எனக்குத் தகுதியும் இல்லை.

ஆனால் அச்சட்டத்தின் உயிர், அதிலுள்ள நிபந்தனையில் இருக்கிறது. பூனையைக் கட்டிவைத்துக் கொன்ற பெண்ணைப் பற்றிய ஹதீஸ் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை. பூமியிலுள்ள சிறு பிராணிகளை அது தானே தேடித் தின்ன அவிழ்த்தும் விடவில்லை. முதற்பகுதியை நாம் விரித்துப் பேசுகிறோம். இரண்டாம் பகுதியைக் கடந்து போய்விடுகிறோம். அப்பிராணிக்காகப் பூமி முன்பே விரித்து வைத்த ஸுப்ரா ஒன்று இருக்கிறது என்பதையும், கட்டியவர் அதிலிருந்து அதைத் தடுத்தவர் ஆகிறார் என்பதையும் அவ்விரண்டாம் பகுதி உணர்த்துகிறது. தடுத்தவர் அதற்கு ஈடான ஒன்றைத் தந்தாக வேண்டும். தர முடியுமா என்பதே வழக்கு.

ஹிஜ்ரி 660-இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் தம் ‘கவாயிதுல் அஹ்காம்’ நூலில், மனிதன்மீது கால்நடைகளுக்குள்ள உரிமைகளை வகுத்துக் காட்டியிருக்கிறார். அவற்றுக்குத் தகுந்த செலவை, பயன் தராத அளவுக்கு மூப்போ நோயோ வந்தபோதும் செய்ய வேண்டும். தாங்க முடியாததைச் சுமத்தலாகாது. துன்பம் தருவனவற்றோடு சேர்த்து அடைக்கலாகாது. தங்குமிடத்தை நன்றாக வைக்க வேண்டும். பருவத்தில் ஆணையும் பெண்ணையும் சேரவிட வேண்டும். ஏறத்தாழ எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது இது. இதை அந்தச் செருப்புப் பெட்டியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தகுந்த உணவு, தகுந்த வெயில், தகுந்த தரை, மழை வரும்போது மழை, துணை. இத்தனையும் பல பத்தாண்டுகள் வாழக்கூடிய ஓர் உயிருக்கு! அதை வாங்கியவர் மூத்துத் தளர்ந்த பிறகும் அது உயிரோடிருக்கும். ஒவ்வோர் உரிமையாக நிறைவேற்றிக்கொண்டே போனால் கடைசியில் வீடு முட்புதர்க் காடாகிவிட வேண்டும். அப்படியானால் அதைக் காட்டிலேயே இருக்கவிடுவதற்கு என்ன தடை?

ளுல்ம் என்ற சொல்லை அநீதி என்றும் கொடுமை என்றும் மொழிபெயர்க்கிறோம். சாட்டையும் சிறையும் நம் மனக்கண்முன் வருகின்றன. ராகிப் இஸ்ஃபஹானீ போன்ற சொல்லாய்வாளர் தரும் பொருள் இன்னும் எளியது: ஒரு பொருளை அதற்குரிய இடமல்லாத இடத்தில் வைத்தலே ளுல்ம். கொடுமை செய்யும் நோக்கம் வேண்டுமென்று அவர்கள் நிபந்தனை வைக்கவில்லை. அன்போடும் ளுல்ம் நடக்கலாம். மாணவர் செய்ததும், சிறுவயதில் நான் செய்ததும் அவ்வகை.

வளர்ப்பது ஆகும் என்ற வாதத்தில் விடுபட்டுப்போகும் மற்றொன்று, அந்த ஐந்நூறு ரூபாய். அபூ உமைருடைய பறவைக்குப் பின்னால் வணிகக் கூட்டம் ஒன்றும் இருந்ததில்லை. இந்த ஆமைக்குப் பின்னால் இருக்கிறது. நம் நாட்டில் ஒரே ஒரு வணிக மையத்தை ஒட்டி, ஒரே ஆண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து எடுக்கப்பட்டன என்று 2015-இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. பெட்டிகளில் அடுக்கிச் சென்னை விமான நிலையம் வழியாகக் கிழக்காசிய நாடுகளுக்குக் கடத்துவதும், சுங்கத்தார் பிடிப்பதும் அடிக்கடி நாளேட்டில் வரும் செய்திகள். ஒன்றை வாங்குபவர் அடுத்த சாக்குப்பைக்கு முன்பணம் கொடுத்தவராகிறார்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இவ்வாமையைப் பிடிப்பதையும் விற்பதையும் வைத்திருப்பதையும் தடுக்கிறது. 2022-இல் செய்யப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதனை முதல் அட்டவணைக்கு உயர்த்தியது. குற்றம் உறுதியானால் மூன்றாண்டுக்குக் குறையாத, ஏழாண்டு வரை நீளக்கூடிய சிறை. பன்னாட்டு வணிகத்தையும் 2019-ஆம் ஆண்டு உடன்பாட்டு மாநாடு முற்றாக அடைத்தது. வேட்டைப் பிராணி எவருக்கும் உடைமையன்று, எடுத்தவருக்கே உரியது என்ற பழைய விதியைச் சிலர் இதற்கு எதிராகச் சொல்வர். காடு கரையில்லாமல் கிடந்த காலத்து விதி அது. எல்லோரும் எடுத்தால் எதுவும் மிஞ்சாது என்ற நிலை வந்தபின், பொது நலன் கருதி ஆட்சி இடும் தடைக்குக் கட்டுப்படுவதும் மார்க்கத்தின்பாற்பட்டதே.

இவற்றைச் சொல்லக் கேட்டு மாணவரின் முகம் வெளுத்தது. “ஜெயிலா, ஹஜ்ரத்? ராத்திரியோட ராத்திரியா அடிவாரத்துப் புதர்ல விட்டுட்டு வந்துடறேன். யாருக்கும் தெரியாது” என்றார். உள்ளபடி சொல்கிறேன், என் மனமும் ஒரு கணம் அதற்கு இசைந்தது. ஆமைக்கும் விடுதலை, இவருக்கும் விடுதலை.

குஞ்சுகளை இழந்து சிறகடித்துத் தவித்த தாய்ப்பறவையின் வரலாறு அபூதாவூதில் இருக்கிறது. பயணத்தில் தோழர் சிலர் அதன் இரு குஞ்சுகளை எடுத்துவிட, நாயகம் (ஸல்) அவர்கள் குஞ்சுகளை அதனிடமே திருப்பிக் கொடுக்கப் பணித்தார்கள். திருப்பிக் கொடுத்தல் என்பதுதான் அங்கே கட்டளை. கூடு எங்கே என்று அத்தோழர்களுக்குத் தெரியும். இந்த ஆமையின் இடம் எங்கே? போடியின் அடிவாரமா, ஆந்திரத்தின் எல்லையா? மாணவருக்கும் தெரியாது, விற்றவரும் சொல்லவில்லை. மூக்கொழுகும் நோய் சில கிருமிகளால் வருவது. ஆமைக்கு ஆமை தொற்றுவது. நோயுள்ள ஒன்றை அடிவாரத்தில் விட்டால், அங்கே தலைமுறை தலைமுறையாக நிம்மதியாக இருப்பவற்றுக்கும் நாம் தீங்கு செய்தவராவோம். முதல் ளுல்மை இருட்டில் செய்யும் இரண்டாவது ளுல்மால் அழிக்க முடியாது என்று அவரிடம் சொன்னேன். 2018 நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து 51 நட்சத்திர ஆமைகளைப் பெங்களூருக்குத் திருப்பி அனுப்பினார்களே, அவற்றையும் இறக்கியவுடன் காட்டில் கொட்டிவிடவில்லை. தனியே வைத்துக் கண்காணித்தார்கள்.

வனத்துறையிடம் ஒப்படைப்பதே வழி. “வழக்கு வராதுன்னு சொல்லுங்க ஹஜ்ரத், நாளைக்கே போறேன்” என்றார். அந்த உறுதியை என்னால் தர முடியவில்லை. பொய்யுறுதி தந்து ஒருவரை நன்மைக்கு இழுப்பதும் ஆகாது. நம் ஜமாஅத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கலந்து, வாங்கியது உட்பட நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுப்பது என்று முடிவாயிற்று. வீட்டில் பெரியதோர் ஆலோசனை நடந்ததாம். சகுனத்துக்காக எறியச் சொன்ன அதே பாட்டியார், “எடுத்தவன் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்” என்று முடித்து வைத்தாராம்.

இடையில் இரண்டு நாள் ஆமை எங்கள் வீட்டில் இருந்தது. கையில் இருக்கும்வரை அமானிதம் அமானிதம்தானே. ஏற்கெனவே இத்தகைய உயிர் எவர் வீட்டிலேனும் இருந்தால், ஒப்படைக்கும்வரை உதவுமென்று மருத்துவர் சொன்னதை எழுதுகிறேன். உலர்ந்த, நகர இடமுள்ள பெட்டி. அடியில் காய்ந்த புல். ஒளிந்துகொள்ள ஒரு மூலை. ஒரு பக்கம் 30 பாகை அளவில் கதகதப்பும், மறுபக்கம் சற்றுக் குளிர்ச்சியும் இருந்தால் அது தனக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும். மழை விட்ட நேரங்களில் நேரடி இளவெயில், பாதி நிழலோடு. அறுகம்புல், செம்பருத்தி இலை. மேலே சிறிது கணவாய் ஓட்டுத் தூள். தலை முழுகாத அளவில் தட்டில் வெதுவெதுப்பான நீர். தொட்டவர் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். ஆமைகள் மீதுள்ள சால்மோனெல்லாக் கிருமி குழந்தைகளை வயிற்றுப்போக்கில் தள்ளக்கூடியது.

பாம்பைத் தின்ற ஆமை மணமுள்ள ஒரு பூண்டைத் தேடித் தின்று நஞ்சை முறிக்கும் என்று அரிஸ்டாட்டில் எழுதியதை அரபு நூலாரும் ஏற்று எழுதியிருக்கின்றனர். மெய்யோ அல்லவோ, அந்தக் கதையில் ஆமைக்குத் தன் மருந்தைத் தேடிப் போக வழி இருந்தது. எங்கள் வீட்டுத் திண்ணையில் அது பெட்டியின் நான்கு மூலைகளையும் சுற்றிச் சுற்றி வந்தது.

திங்கட்கிழமை காலை நால்வர் சென்றோம். அதிகாரி நிறையக் கேட்டார். மாணவர் ஒன்றையும் மறைக்கவில்லை. விற்றவரைப் பற்றிய கேள்விக்கு நெடுநேரம் தயங்கினார்; பிறகு சொன்னார். வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள். அழைத்தால் வர வேண்டும் என்றார்கள். ஆமையை நிறுத்து, அளந்து, ஒரு கூடையில் வைத்தார்கள். அதுவரை வாய் திறக்காத பையன் அத்தாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான். “கேரட் அதுக்குப் பிடிக்காது, செம்பருத்தி இலைதான் தின்னுதுன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க அத்தா” என்றான். அவர் தயங்க, நான் சொன்னேன். அதிகாரி சிரிக்கவில்லை. பதிவேட்டில், எடைக்குக் கீழே, அதையும் எழுதிக்கொண்டார்.